உப்பு மலையில் அர்வா

இதில் ஒரு சொல் பொய்யென்றால், என் வாயில் மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும்.

கடலோர ஊர் ஒன்றில் மார்க்கம் சொல்லித்தரும் ஹஜ்ரத் ஒருவர் இருந்தார். அவருக்கு உவைஸ் என்று ஒரு சீடன். ஊர் வழக்கப்படி மாமியார் வீட்டோடு இருப்பவன். அந்த வீட்டில் தலைப்பிள்ளை பெண்ணென்றால் பெயர் அர்வாதான். தலைமுறை தலைமுறையாக அப்படி. அரபுப் பெயராயிற்றே, சொர்க்கத்துப் பூ ஏதாவதாக இருக்கும் என்று எல்லோருக்கும் நினைப்பு. ரியாத்திலிருந்து வந்த மச்சான், சாப்பாட்டு நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். அர்வா என்றால் மலையாடாம்.

மறுநாளே தெருப்பிள்ளைகள் உவைஸின் மூத்த மகளைப் பார்த்து ‘ம்மே’ என்று கத்தின. ஆறு வயது அர்வா, ஓதப் போகமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். உவைஸ் மகளைத் தூக்கிக்கொண்டு ஹஜ்ரத்திடம் ஓடினான்.

“வேற பேர் வெச்சுத் தாங்க ஹஜ்ரத். புள்ள அழுது அழுது முகமே வீங்கிப்போச்சு.”

“நீ ஆடு பார்த்திருக்கியா?”

“பார்க்காம என்ன? கடைத்தெருவுல சினிமா போஸ்டர் தின்னுக்கிட்டு நிக்கும்.”

“மலை?”

உவைஸ் விழித்தான். அந்த ஊரில் தேங்காயளவு கல் கிடைத்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

ஹஜ்ரத் இருவரையும் உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் குழந்தையோடுதான் பேச்சு. அரபு நாட்டில், பருந்தே உட்காரப் பயப்படுகிற செங்குத்துப் பாறையில், ஒரு மலையாடு நின்றதாம். கீழே ஒரு தகப்பன் அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றானாம். பிறகு வீட்டுக்கு ஓடி, அன்றைக்குப் பிறந்த மகளுக்கு அந்தப் பெயரை வைத்தானாம்.

உப்பளத்தில் ஒரு குவியல். உரசிப் போகிற மேகமெல்லாம் கரிக்கும், அவ்வளவு உயரம்.

“ஏறு” என்றார் உவைஸிடம்.

ஏறினான். சறுக்கினான். மறுபடி ஏறி, உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தான். அர்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பை உதறினாள், ஒரே ஓட்டம். உச்சியில் நின்று, ஊருக்கே கேட்கும்படி “ம்மே” என்றாள்.

உவைஸ் உப்பைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “அப்போ பேரை மாத்தணுமா, வேண்டாமா ஹஜ்ரத்?”

“அது அவ பேரு. மேலே ஏறிப்போய் அவகிட்டயே கேளு.”

உவைஸ் உச்சியை அண்ணாந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு, மறுபடி ஏற ஆரம்பித்தான்.

இன்றைக்கும் அவன் சட்டையை உதறினால் ஒரு வேளைக் குழம்புக்கு உப்பு தேறும். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்த மச்சான் என் பக்கத்து வீடு.