ஆராய்ச்சிக்கு ஓர் அறை

கட்டடக் கலைஞர் வசுமதிக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த தெய்வசிகாமணிக்கு நாற்பத்தெட்டு. இருபது வருடம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, ஆசை விடாமல் படித்துப் பட்டம் வாங்கியவர். திங்கட்கிழமை அவருடைய முதல் வரைபடம் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். ஒரு குழந்தைகள் மருத்துவமனை. மனிதருக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"மேடம், நம்ம வேலைக்குள்ள ஆராய்ச்சியை எப்படிக் கொண்டு வர்றதுங்க?"

அவர் படித்து முடித்த ஆய்வுக் கட்டுரைகள் மேசைமேல் முழ உயரத்துக்கு இருந்தன.

"அதுக்குன்னு ஆபீஸ்ல தனியா ஒரு ரூம் போட்டுடலாங்களா? கண்ணாடித் தடுப்பு வெச்சு, ஏ.சி.யோட?"

அந்த அறைக்கும் வரைபடம் தயாராக வைத்திருந்தார்.

வசுமதி மருத்துவமனை வரைபடத்தைப் பிரித்தார். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் நடுவே பெரிய வட்டத் தூண் ஒன்று நின்றது.

"இந்தத் தூண் எங்கிருந்து வந்துச்சு?"

"எட்டு வருஷம் முன்னாடி நீங்க கட்டின ஆஸ்பத்திரியில இருந்துதாங்க. விருது வாங்கின கூடமாச்சே!"

"போய்ப் பார்த்தீங்களா?"

"போட்டோ பார்த்தேனுங்க."

"நானும் இத்தனை வருஷமா போட்டோதான் பார்க்கறேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் எடுத்தது. கிளம்புங்க."

போனபோது கூடத்தில் காலை நேரக் கூட்டம். தூணுக்குப் பின்னாலிருந்த நாற்காலிகள் மட்டும் காலி. சனம் சுவரோரம் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. தெய்வசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டார்.

"ஏம்மா, அத்தனை சேர் காலியா கிடக்குதே?"

"அங்க உக்காந்தா டோக்கன் நம்பர் தெரியாதுங்க. தூண் மறைக்குது. போன தடவை அங்க உக்காந்துதான் எங்க நம்பரே போயிருச்சு." பிள்ளையின் வாயைத் துடைத்தபடி மேலும் சொன்னாள். "இதை நட்ட மகராசன் ஒரு நாளும் டோக்கன் எடுத்திருக்க மாட்டானுங்க."

தெய்வசிகாமணியின் முகம் சுண்டிப்போயிற்று. வசுமதியோ வாய்விட்டுச் சிரித்தார்.

"மகராசன் இல்லீங்க, மகராசி. நான்தான் நட்டேன்."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

தெய்வசிகாமணி சுருட்டி எடுத்துவந்திருந்த தன் வரைபடத்தை விரித்து, பென்சிலால் தூணின்மேல் பெருக்கல் குறி போட்டார். போட்ட கையோடு மனசு லேசாகி, நல்ல பசியும் எடுத்தது. ஆனாலும் பழைய ஆசை விடவில்லை.

"அப்ப, அந்த ஆராய்ச்சி ரூமை எங்க போடலாங்க மேடம்?"

"தூணுக்குப் பின்னாடிதான் அத்தனை சேர் காலியா கிடக்குதே, வாங்க, உக்காருவோம்."