தங்கபுஷ்பம் வெட்டிய பன்னிரண்டு நிமிஷம்

கல்லூரி கம்ப்யூட்டர் லேபைத் திறந்து பூட்டுகிற தங்கபுஷ்பத்துக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. மலைமேல் எஸ்டேட்டில் சிக்னல் எட்டாது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்காக, கல்லூரி வெப்சைட்டில் இருக்கும் வகுப்புகளை வீடியோவாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பாள். அந்த வருஷம் எஸ்டேட் பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ்.

பேராசிரியர் குலசேகரனுக்குப் பொறுக்கவில்லை. முதல்வர் அறைக்கே அவளை வரவழைத்தார்.

“என் பாடத்தைத் தொட நீ யாரு? வெப்சைட்ல இருக்கறதுதான் அசல். உன்கிட்ட இருக்கற நகலை எல்லாம் இப்பவே அழி. இல்லன்னா வேலையை விட்டுப் போ.”

“அழிச்சிடறேன் சார். ஆனா பன்னிரண்டாவது பாடத்துல அசல் ஒரு மணி நேரம், என்னோடது நாற்பத்தெட்டு நிமிஷம். மிச்சத்தை நான் வெட்டிட்டேன்.”

“வெட்டினியா? எவ்வளவு திமிர் உனக்கு?”

“வணக்கம் சொல்லி முடிச்சிட்டு ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துட்டீங்க சார். அப்படியே போன்ல உங்க மச்சான்கிட்ட நம்ம முதல்வர் ஐயாவைப் பத்திப் பேசியிருக்கீங்க. எஸ்டேட் பிள்ளைங்க எதையும் கடைசி வரைக்கும் பார்ப்பாங்க. அவங்க முன்னாடி உங்க மரியாதை கெடக்கூடாதுன்னுதான்.”

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கம்ப்யூட்டரில் அந்தப் பாடத்தைத் தேடி எடுத்து, நாற்பத்தெட்டாவது நிமிஷத்திலிருந்து ஓடவிட்டார். அடுத்த பன்னிரண்டு நிமிஷமும் அந்த அறையில் கம்ப்யூட்டர் மட்டும்தான் பேசியது.

“இப்ப எதை அழிக்கட்டும் சார்?” என்று நிமிர்ந்து நின்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

மறுநாளிலிருந்து வெப்சைட்டிலும் ஓடுவது அவள் வெட்டிய வீடியோதான்.