மாலைக்கு ஆசைப்பட்ட விலாங்கு

பழைய கிரேக்க நாட்டில், பியோஷியா என்ற பகுதியில், கோப்பைஸ் என்று ஓர் ஏரி. அதில் மெலாந்தன் என்றொரு விலாங்கு மீன் இருந்தது. கொழுத்த உடம்பு, அதைவிடக் கொழுத்த நினைப்பு.

ஒருநாள் உடைந்த மண்ஜாடியின் ஓடு ஒன்று ஏரிக்குள் வந்து விழுந்தது. அதில் ஓர் ஓவியம். மாலை சூடிய ஒரு விலாங்கு. சுற்றிலும் கைதூக்கி வணங்கும் மனிதர்கள். பூசாரி ஒருவர் அதன் தலையில் பார்லி மணிகளைத் தூவிக்கொண்டிருந்தார்.

மெலாந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. விலாங்குகள் கடல் கடவுளின் பிள்ளைகள் என்று அன்றே ஒரு புராணம் பிறந்தது. மூத்த பிள்ளையின் நேர் வாரிசு யார் என்று சொல்லவும் வேண்டுமா? கெண்டைகள் வாலை மடக்கிக் கும்பிட்டன. வாய்க்குப் புழு கிடைத்த தவளைகள் துதி பாடின. ஏரியிலேயே நல்ல பொந்து மெலாந்தனுக்கு ஒதுக்கப்பட்டது.

ஒரு நண்டுதான் காரியத்தைக் கெடுத்தது. கரையோரம் கிடந்த இன்னொரு ஓட்டை இழுத்து வந்து முதல் ஓட்டோடு சேர்த்து வைத்தது. கச்சிதமாகப் பொருந்தியது. அதிலும் அதே பூசாரி, அதே விலாங்கு. கூடவே ஒரு கத்தியும் நெருப்பும்.

"ஐயா, பலி கொடுக்கிறதுக்கு முன்னாடி மாலை போடுறது இவங்க வழக்கம். மாட்டுக்கும் அப்படித்தான். திருவிழா வருது, சேத்துக்குள்ள போயிடுங்க" என்றது நண்டு.

மெலாந்தன் உண்மையிலேயே பயந்துவிட்டது. ஆனால் ஏரியே பார்த்துக்கொண்டிருக்கிறதே! இப்போது ஒளிந்தால் நாளைக்கு யார் கும்பிடுவார்கள்?

"முதல் ஓட்டுல இருக்கிறது வரலாறு. இது வரைஞ்சவனோட கற்பனை" என்றது.

தவளைகள் ஆமாம் போட்டன. நண்டுக்குத் துரோகிப் பட்டம் கட்டி விரட்டிவிட்டன.

திருவிழா வந்தது. வலை விழுந்ததும் மற்ற விலாங்குகள் சத்தமில்லாமல் சேற்றில் புதைந்துகொண்டன. மெலாந்தன் மட்டும் நிமிர்ந்து நீந்திப் போய்த் தானாக வலைக்குள் நுழைந்தது. தவளைகள் கரைவரை வந்து பாடி வழியனுப்பின.

மாலை விழுந்தது. பார்லி மணிகள் தலையில் உதிர்ந்தன.

"பாத்தீங்களா?" என்று மெலாந்தன் ஏரிப்பக்கம் திரும்பிக் கேட்டது. பூசாரி கத்தியை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் தவளைகள் அடுத்த கொழுத்த விலாங்கின் பொந்து வாசலில் போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமின.

தன்னைப் புகழும் பாதியை மட்டும் வரலாறு என்று நம்புகிறவனுக்கு, மீதிப் பாதி கழுத்துக்கு வந்த பிறகுதான் புரியும்.