மாசானம் தன் வீட்டைப் பெண் வீட்டாருக்குக் காட்டப் போனது

கதைக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாசானம் கெட்டவன் இல்லை. அவனுடைய கூட்டாளிகள் தளவாயும் குத்தாலமும் கெட்டவர்கள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் மூன்று பேரும் அப்படியே கேட்டு நடப்பார்கள். அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மாசானம் தையல்காரன். ஏலத்தில் எடுத்த பழைய டவுன் பஸ்தான் அவனுக்கு வீடு, அதுவேதான் கடை. தளவாய் வண்டி ஓட்டுவான். குத்தாலம் சமைப்பான், பட்டன் துளைக்குக் காஜா எடுப்பான். மூவரும் அதற்குள்ளேயே உண்டு உறங்கி, ஊர் ஊராகப் போய்த் துணி தைத்தார்கள். "வீடு வேற, வண்டி வேற, ரெண்டையும் கலக்கக் கூடாது" என்று யாரோ சொன்னதால் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள். திருடன் வருவான் என்று இன்னொருவர் சொன்னதால் ஜன்னல் முழுக்கக் கம்பி.

வண்டி ஓடும்போதே மாசானம் தைப்பான். வேகத்தடை வந்தால் தையல் துள்ளி வளைந்துவிடும். நாங்குநேரிப் பெண்கள் அதைப் புது டிசைன் என்று நினைத்து, வளைவு இல்லாத ரவிக்கைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ரவிக்கைக்கும் தளவாய் வேகத்தடைமேல் வண்டியை முன்னும் பின்னும் நாலு தரம் ஏற்றி இறக்கிக் கொடுத்தான்.

கோவில்பட்டியில் இசக்கி என்றொரு பெண் ரவிக்கை தைக்க வந்தாள். "கை நீளம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று மாசானம் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவன் தன் இஷ்டப்படி விரல் நுனி வரைக்கும் கை வைத்துத் தைத்துக் கொடுத்தான். அதையும் போட்டுக்கொண்டு அவள் கோயிலுக்குப் போனாள். அன்று போன தூக்கம் மாசானத்துக்குத் திரும்பவே இல்லை. கட்டினால் இவளைத்தான் என்று இருந்துவிட்டான்.

ஆள் விட்டுப் பெண் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் இசக்கியின் அப்பா உலகநாதனே போன் செய்தார்.

"மாப்ளே, எம்பொண்ணுக்கு உங்களப் புடிச்சிருக்கு. ஆனா வீட்டப் பாக்காம நான் பொண்ணு குடுக்க மாட்டேன். வீடு எங்கன இருக்கு?"

"இப்ப வள்ளியூர்ல நிக்கி மாமா."

"நிக்கட்டும். வாசல் கிழக்க பாத்து இருக்கணும். எந்நேரமும் கிழக்க பாத்த வாசலா இருந்தாத்தான் பேச்சு. இல்லேன்னா எம்பொண்ண மறந்துருங்க. நாங்க இன்னைக்கே வீடு பாக்க வாறோம்."

"நீங்க எதுக்கு மாமா அலையணும்? வீட்டையே கூட்டிட்டு வாறோம்."

"அதுவும் சரிதான். எனக்கும் முட்டு வலி" என்று உலகநாதன் போனை வைத்தார்.

பஸ் அப்போது தெற்கே பார்த்து நின்றது. இடப்பக்கத்து வாசலில் இளவெயில் விழுந்தது. மூவரும் வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கோவில்பட்டி வடக்க இருக்கு" என்றான் தளவாய். "வண்டியத் திருப்புனா வாசல் மேக்க பாக்கும்."

"மேக்க பாத்தா இசக்கி போச்சு" என்றான் மாசானம்.

"திருப்பாதலே. தெக்க பாத்துக்கிட்டே வடக்க போவோம்" என்றான் குத்தாலம்.

அப்படியே பின்பக்கமாகக் கிளம்பினார்கள். குத்தாலம் பின்கண்ணாடி ஓரம் நின்று, "வா... வா... வா..." என்று வழிகாட்டிக்கொண்டே வந்தான். சாலையோரத்தில் நின்றவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று பின்னால் ஓடி வந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்தார்கள். வேறெங்கோ போகவேண்டிய கல்யாணக் கோஷ்டி ஒன்று மேளத்தோடு வந்து சேர்ந்துகொண்டது.

நாங்குநேரிக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"ஏம்ல ரிவர்ஸ்ல வாறீங்க?"

"பொண்ணு வீட்டுல வீடு பாக்காங்க ஐயா" என்றான் தளவாய்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கிழக்கு மேக்காவது தெரியுமாடே உங்களுக்கு?"

"தெரியும் ஐயா. சூரியன் இருக்கிற பக்கம் கிழக்கு."

"அது போதும். மரியாதையா வண்டியத் திருப்பி நேரா ஓட்டு."

போலீஸ் சொன்ன பிறகு மீற முடியுமா? வண்டியைத் திருப்பினார்கள். வாசல் மேற்கே போய்விட்டது. மாசானம் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதான். குத்தாலம் அவன் முதுகைத் தடவி, "வண்டியத்தான திருப்பச் சொன்னாரு? வாசல மாத்தக் கூடாதுன்னு சொல்லலியே" என்றான்.

பழைய வண்டி என்பதால் வெட்டவும் ஒட்டவும் சாமான்கள் எப்போதும் கூடவே இருக்கும். வலப்பக்கத் தகரத்தை வெட்டிப் புது வாசல் வைத்தார்கள். வெட்டிய தகரத்தால் இடப்பக்கத்தை அடைத்து ரிவெட் அடித்தார்கள். புது வாசலில் வெயில் விழுந்ததைப் பார்த்ததும் மாசானம் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தான்.

கோவில்பட்டி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். இறங்கிப் பார்த்த குத்தாலம் பதறிக் கத்தினான்.

"மக்கா, கிழக்கு வலப்பக்கம் இல்ல. மேல ஏறிட்டு."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். சூரியன் நேராகத் தலைக்கு மேல் இருந்தது. சந்தேகப்பட இடமே இல்லை. உடனே வலப்பக்க வாசலை அடைத்து, கூரையில் ஒரு வாசல் வெட்டி, ஏணியும் சாத்திவிட்டார்கள்.

உலகநாதன் மனைவி கோமதியோடும் தன் தம்பியோடும் வந்தார். ஏணியைப் பார்த்தார்.

"மாடி வீடா மாப்ளே?"

"இல்ல மாமா, கிழக்கு வாசல் வீடு."

உலகநாதன் முட்டு வலியோடு முனகிக்கொண்டு ஏறி, உள்ளே இருந்த துணி மூட்டைகள்மேல் குதித்தார். கோமதி வெற்றிலைத் தாம்பாளத்தோடு குதித்தாள். தம்பியும் குதித்தார். உள்ளே அவர்கள் அடுப்பையும் தையல் மிஷினையும் பார்த்துத் திருப்தியாகப் பேசுவது வெளியே கேட்டது.

அந்த நேரம் பார்த்து, ஏணி உச்சியில் நின்ற தளவாயின் நிழல் ஒரு பக்கமாக நீள ஆரம்பித்தது.

"சூரியன் நகர்ந்துட்டுலே. இந்த வாசல் இப்ப கிழக்கு இல்ல. மாமா கண்ணுல படுறதுக்குள்ள அடைச்சிருவோம்" என்றான் தளவாய்.

கூரையை அடைத்து ரிவெட் அடித்து முடித்தார்கள். இடப்பக்கத்தில் உளியை வைத்த நேரம், மேகம் திரண்டு சூரியனை மூடிக்கொண்டது. தளவாய் உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"மாப்ளே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசல் எங்க?"

"வந்துக்கிட்டு இருக்கு மாமா. மேகம் மூடிட்டு. கிழக்கு எங்க இருக்குன்னு தெரியல."

"ஏய், கிழக்க எங்க வீட்டுப் பக்கம்லா?"

"அது காலைல மாமா."

உள்ளேயிருந்து தகரத்தில் கைகள் தட்டின. தாம்பாளமும் தட்டியது. கடைசியில் உலகநாதன் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, "மாப்ளே, வீடு நல்லாருக்கு. பொண்ணு தாறேன். எங்கள வெளிய மட்டும் விடுங்க" என்றார்.

மாசானம் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதான். தளவாய்க்கோ பொறுப்பு கூடிவிட்டது.

"இனி அவங்க நம்ம சம்பந்தக்காரங்க. வாசல் இல்லாத வீட்டுல வச்சிருந்தா ஊரு என்ன பேசும்? வெயில் அடிக்கிற ஊராப் பாத்துப் போயி, நல்ல கிழக்கா ஒரு வாசல் வச்சுக் குடுப்போம்."

விஷயம் கேள்விப்பட்டு இசக்கி ஓடி வந்தாள். தானும் ஏறுகிறேன் என்றாள். மாசானத்துக்கும் ஆசைதான். ஆனால் குத்தாலம் குறுக்கே நின்றான்.

"கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு மாப்பிள்ள வீட்டுல கால் வைக்கக் கூடாது."

அது நியாயம் என்று இசக்கிக்கே பட்டது. விரல் நுனி வரை நீண்ட ரவிக்கைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலண்டை போனாள். கம்பிக்குள் உலகநாதன், கோமதி, சித்தப்பா மூவரின் முகங்களும் தெரிந்தன. கோமதி விம்மினாள்.

"அழாதம்மா" என்றாள் இசக்கி. "எல்லாரும் ஒரு நாளு போக வேண்டிய இடம்தான். அப்பா, நீங்களும் வீட்டுல பேசுற மாதிரி அங்க எடுத்தெறிஞ்சு பேசிராதீங்க. அனுசரிச்சு நடந்து நல்ல பேரு வாங்கணும். பொங்கலுக்குச் சீர்வரிசையோட வந்து பாக்கேன்."