பலகைக்கு அந்தப் பக்கம்

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

சாதாரண நாளென்றால் விட்டுவிடலாம். அன்று கரட்டடி மடத்தில் குருபூசை. மணி பதினொன்று. பன்னிரண்டுக்குப் பந்தி. இருநூறு பேர். அண்டாவுக்குள் கரண்டியை விட்டுப் பார்த்தேன். அடியில் கரி.

சமையல் நாச்சிமுத்து பொறுப்பு. வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் நூல் மில்லில் இருந்தவர். மனைவி போன பிறகு இங்கே வந்து சீடராகச் சேர்ந்தார். அண்டாவுக்கு மூன்றடி தள்ளி, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன்.

"என்னய்யா பண்ணீட்டிருக்கே?"

தலை நிமிரவில்லை. "சித்த இருங்கண்ணா. சாம்பார் வச்சிட்டிருக்கறேன்."

எட்டிப் பார்த்தேன். ஆள் பொய் சொல்லவில்லை. போனுக்குள் ஒரு ஓட்டல். அதில் ஒரு அடுப்பு. அடுப்புமேல் ஒரு பொம்மைச் சட்டி. அந்தச் சாம்பார் பதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

பிடுங்கி இடுப்பில் செருகினேன்.

கருகல் வாசத்துக்குத் தெய்வானை அம்மாவே வந்துவிட்டார். மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பது. எனக்கு எழுபத்தொன்று, மளிகைச் சாமான் வைக்கும் உக்கிராண அறைச் சாவி நாற்பது வருஷமாக என்னிடம். அதனால் என்ன? குரு குருதான்.

"இந்தாளை இன்னைக்கே அனுப்பிச்சிருங்கம்மா," என்றேன். "அண்டா கருகுது, இவரு கைக்குள்ள ஓட்டல் நடத்தறாரு."

நாச்சிமுத்து எழுந்து நின்றார். "போறேனுங்கம்மா. போக எடமில்லை. ஆனாலும் போறேன். ஒன்னே ஒன்னு மட்டும் கேட்டுட்டுப் போறனுங்க."

"கேளுங்க."

"இங்க சாம்பார் வச்சா கல்லு சுமக்கற மாதிரி இருக்குது. அதுல வச்சா எந்திரிக்க மனசு வரமாட்டீங்குது. ரெண்டும் சாம்பார்தானுங்களே?"

அம்மா யோசிக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். "போனைக் குடுங்க."

"அம்மா, இருநூறு பேரு..."

"குடுங்க. நீங்க வேற அண்டாவுல பாசிப்பருப்பை ஏத்துங்க. துவரை வேக நேரமில்லை."

ஏற்றினேன். திட்டிக்கொண்டேதான் ஏற்றினேன்.

அம்மா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். போனைத் தட்டினார். டிங் என்று மணி அடித்தது. பொம்மை ஓட்டலில் கதவு திறந்தது. ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலேயும் ஒரு பலகாரப் படம்.

"இது என்ன, தோசையா?"

"ஆமாங்கம்மா. மாவை ஊத்துங்க. ஊத்தியாச்சா? திருப்புங்க. திருப்புங்கம்மா, கருகுது!"

"அதை நீங்க சொல்றீங்களா?" என்றேன் நான்.

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. டிங். தோசை போயிற்று. சாப்பிட்டவன் முகம் மலர்ந்தது. ஒரு நட்சத்திரம் விழுந்தது.

"அட, சிரிக்கறான்!" என்றார் அம்மா.

டிங். டிங். மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். அம்மா மூட்டையின் விளிம்புக்கு வந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். குரு என்று அப்போது யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"ஐயோ, கண்ணாடி போட்ட அம்மா மூஞ்சி செவக்குதே! என்ன வேணுமாம்?"

"சட்னிங்க! சட்னி!"

"எங்கே இருக்கு சட்னி?"

"இடது பக்கம்! இடது பக்கம்மா!"

கடைசியில் கத்தியது நான்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குள் கண்ணாடிக்காரி எழுந்து போய்விட்டாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடை மூடப்பட்டது என்று போன் சொல்லிற்று.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அந்தம்மா தெனமும் வருவாங்களா?"

"வருவாங்கம்மா. அவங்களுக்கு வெங்காயம் ஆகாது. போன வாரம் தெரியாமப் போட்டு அனுப்பீட்டேன். ரெண்டு நாள் வரலை."

"மொத்தம் எத்தனை பேர் உங்க கடைக்கு?"

"நாப்பத்தேழு பேருங்க."

"நேத்து இங்க எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் சொல்லித்தர முடியாது. எனக்கும் தெரியாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டுக்கும் பந்திக்கூடத்துக்கும் நடுவே சுவர். சுவரில் ஒரு சன்னல், அதற்கு ஒரு பலகை. பாத்திரத்தைத் தள்ளினால் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வார்கள். பலகை விழுந்து மூடிக்கொள்ளும். சமைக்கிறவன் சாப்பிடுகிறவனைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கர்வம் வரும். மடத்தை உண்டாக்கிய பெரியசாமி வைத்த வழக்கம். இன்னொன்றும் உண்டு. யார் சமைத்தது என்று கேட்டால், 'பெரியசாமி' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் சமாதியாகி எழுபது வருஷம். இன்னும் அவர்தான் சமைக்கிறார்.

"முப்பது வருஷம் மில்லுல நூல் ஓட்டினீங்களே," என்றார் அம்மா. "அதுல நெய்த துணியைப் பார்த்திருக்கீங்களா?"

"கோன்ல சுத்தி லாரியில ஏத்திருவோமுங்க. அதோட சரி."

அம்மா எழுந்தார். தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்தார். நேரே சன்னலுக்குப் போய்ப் பலகையின் கீலில் ஒரு போடு போட்டார்.

"அம்மா! பெரியசாமி வச்ச வழக்கம்!"

"பெரியசாமி என்னைக்காவது சாம்பார் வச்சாரா?"

"இல்லீங்க..."

"அப்ப தள்ளி நில்லுங்க."

இன்னொரு போடு. பலகை கையோடு வந்துவிட்டது. அடுப்பில் திணித்தார். காய்ந்த பலகை. தீ குபீரென்று பிடித்தது.

சன்னலில் பந்திக்கூடம் தெரிந்தது. பாதிக் கூடம் அதற்குள் நிறைந்திருந்தது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

நாச்சிமுத்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பருப்பு வெந்தாச்சு, வாய்யா!" என்றேன்.

"அண்ணா, மூணாவது இலையில ஒரு ஆத்தா. பல்லே இல்லைங்கண்ணா."

"அதுக்கு?"

"முருங்கைக்காய் போட்டா எப்படித் திம்பாங்க? அரசாணிக்காய் இருக்குதா?"

பரங்கிக்காயைத்தான் எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம். உக்கிராணத்தில் இரண்டு கிடந்தது. ஓடினேன். இந்த வயதில் என்னை ஓடவைத்தார். வெட்டினார். குழைய வேகவிட்டார். புளி கரைத்தார். ஒரு கண் சட்டியில், ஒரு கண் சன்னலில்.

"கடைசி வரிசையில ஒரு குழந்தை. காரம் வேண்டாம், தனியா ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருங்கண்ணா! அந்தப் பச்சைத் துண்டுக்காரரு சன்னலையே பார்க்கறாரு, பசி தாங்கலை போல. பெருங்காயம் எங்கே? பெருங்காயம்!"

மணி பன்னிரண்டு. முதல் வாளி போயிற்று.

என் இடுப்பில் உக்கிராணச் சாவி, கையில் ஒரு கரண்டி, தோளில் ஒரு துண்டு. மூட்டைமேல் கிடந்த போன் டிங் என்றது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்று எழுத்து ஓடிற்று. நாச்சிமுத்து காதில் விழவில்லை. சன்னலில் பாதி உடம்பை நீட்டியிருந்தார்.

பச்சைத் துண்டு ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தார்.

"உப்புங்களா?" என்று நாச்சிமுத்து கூடத்துக்கே கேட்கக் கத்தினார்.

"கம்மி!" என்று பதில் வந்தது.

"சித்த இருங்க! ரெண்டாவது வாளியில சரி பண்ணிடறேன்!"

பண்ணினார். பச்சைத் துண்டு மறுபடி வாய் வைத்தார். கை மட்டும் மேலே போய், சரி என்பதுபோல் ஒரு ஆட்டு ஆட்டிற்று. நாச்சிமுத்து என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வலித்தது.

நான்கு பந்தி. இருநூற்றுப் பதினாறு இலை. இந்தத் தடவை எண்ணினார். அண்டா காலி. அடியில் கரி இல்லை.

எல்லாம் முடிந்தபோது மூன்றாவது இலை ஆத்தா கோலை ஊன்றிக்கொண்டு சன்னலுக்கு வந்தாள். வாயோரத்தில் இன்னும் மஞ்சள்.

"சாம்பாரு ஆரப்பா வச்சது?"

நாச்சிமுத்து சட்டென்று தலையைக் குனிந்து கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார். எனக்கோ நாற்பது வருஷப் பழக்கம். என் வாய் தானாகத் திறந்தது.

"பெரிய..."

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சன்னலுக்குக் குனிந்து, கிழவிக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"நாச்சிமுத்து."