திரும்பிப் பார்க்காத குட்டி

நாலு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் அந்த மாந்தோப்புக்கு வந்துகொண்டிருந்தார் அழகர்ராஜா. ஒருநாளும் நாய்களைப் பற்றி அங்கே பேசியதில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் குருவாக நினைத்த செங்கமலத்தம்மாவுக்கு நாற்பத்தொன்று. மதுரையில் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவர் அவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, தோப்பின் பழைய மோட்டார் அறையில் தங்கிவிட்டார். உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. வருகிறவர்கள் வந்து உட்காருவார்கள். கேட்டால் சில சமயம் பதில் வரும்.

அன்று அழகர்ராஜா உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

“அம்மா, பொய் சொன்னா உயிர் பிழைக்கும், உண்மை சொன்னா உயிர் போகும்னு இருந்தா, எதைச் சொல்லணும்?”

“யார் உயிர்?”

அவர் தயங்கினார். “நாய் உயிர்தான்.”

“உட்காருங்க ஐயா.”

உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

மலையடிவாரத்து அந்த ஊரில் அவருடைய வெள்ளை வேட்டை நாய்களைத் தெரியாதவர்கள் கிடையாது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. பதினோரு தலைமுறைக்கு வம்சாவளிச் சான்றிதழ் இருந்தது. அப்பா இறந்த பிறகு முப்பது வருஷமாக அந்த வம்சத்தை ஒரு புள்ளி கறை விழாமல் காத்து வந்தார். வெள்ளைக்கு வெள்ளைதான் ஜோடி. வெளியே ஜோடி கிடைக்காதபோது அண்ணனுக்குத் தங்கை. அதுவும் இல்லாதபோது தாய்க்கு மகன்.

பின்லாந்தில் மார்யா என்று ஒரு பெண்மணி இருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன ஒரு நாய் ஜோடியின் வழிவந்தவை அவரிடம் வளர்ந்தன. அவரும் அழகர்ராஜாவும் ஒரு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மில்லில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தவர் என்பதால் அழகர்ராஜாவுக்கு ஆங்கிலக் கடிதம் எழுத வரும். இங்கிருந்து ஒரு பெட்டை போக வேண்டும், அங்கிருந்து ஓர் ஆண் வர வேண்டும் என்று பேச்சு முடிந்திருந்தது. கடைசியாக ஒரு கேள்வி வந்திருந்தது.

“காது கேட்காத குட்டி எங்க வம்சத்துல உண்டான்னு கேட்கிறாங்க.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

அவர் தாளைப் படித்தார். “‘என் வீட்டில் காது கேட்காத நாய் ஒன்றுகூட இல்லை.’ இன்னும் அனுப்பல.”

“இருக்கா?”

“இல்லை.”

“உண்மைதானே அப்போ. எதுக்கு என்கிட்ட கொண்டு வந்தீங்க?”

அழகர்ராஜா தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“இருபத்தஞ்சாம் நாள் தட்டைத் தட்டிப் பார்ப்போம். சத்தத்துக்குத் திரும்பாத குட்டியைச் சாக்குல போட்டுத் தண்ணியில முக்கிருவோம். எங்கப்பா அப்படித்தான் செஞ்சார். நானும் அப்படித்தான். அதனால வீட்டுல இல்லை.”

அழகர்ராஜா தாளை மறுபடி மடித்தார்.

“முன்னெல்லாம் ரெண்டு ஈத்துக்கு ஒண்ணுதான் அப்படிப் பிறக்கும். இப்போ ஒரு ஈத்துக்கே ரெண்டு மூணு. ரத்தம் ஒரே இடத்துல சுத்துது, அதான். அந்த ஆண் நாய் வந்துட்டா இது குறையும். உண்மையை எழுதினா அந்தம்மா அனுப்ப மாட்டாங்க. நான் மறுபடியும் தங்கைக்கு அண்ணனைச் சேர்க்கணும், மறுபடியும் முக்கணும். பொய் எழுதினா இங்க குட்டிங்க பிழைக்கும். ஆனா என் பெட்டை இந்தக் குறையை அங்க கொண்டுபோய் இறக்கும். எது சரி?”

“இப்போ குட்டி ஏதாவது இருக்கா?”

“தாமரை ஆறு போட்டிருக்கா. நாளையோட இருபத்தஞ்சு நாள்.”

“நாளைக்குக் காலையில எல்லாத்தையும் இங்க கொண்டு வாங்க. அந்தக் காரியத்துக்கு என்னென்ன வேணுமோ, அதையும்.”

மறுநாள் அவர் காரில் தாமரையையும் ஆறு குட்டிகளையும் கொண்டு வந்தார். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி, மடித்த சாக்கு. தாய் நாயைக் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தில் கட்டினார். குட்டிகளைப் போர்வையில் விட்டார். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கின.

“வீட்டுல எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செய்யுங்க” என்றார் அம்மா.

அழகர்ராஜா குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று தட்டை ஓங்கித் தட்டினார். தோப்பில் கிளிகள் எழும்பிப் பறந்தன. ஐந்து குட்டிகள் தலையைத் தூக்கித் திரும்பின. ஆறாவது தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தட்டினார். அது காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு மறுபடி சுருண்டது.

“இதுதாம்மா.”

“சரி. மிச்சத்தையும் செய்யுங்க.”

அழகர்ராஜாவுக்குப் புரியவில்லை. “இங்கயா?”

“தொட்டியில தண்ணி இருக்கு. இப்பத்தான் மோட்டார் போட்டேன்.”

அழகர்ராஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கோபமோ கேலியோ அதில் தெரியவில்லை. குட்டியைக் கையில் எடுத்தார். சாக்கை விரித்தார். பிறகு நின்றுவிட்டார்.

“நீங்க பார்த்துட்டிருக்கும்போது முடியாதும்மா.”

“திரும்பி உட்கார்ந்துக்கிறேன்.” அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

தொட்டிக்குப் பத்தடி தூரம். அழகர்ராஜா நடந்தார். இத்தனை வருஷத்தில் இந்தப் பத்தடியை எத்தனை முறை நடந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக் கொல்லையில் நடக்கும்போது அவர் வேறு எதையாவது யோசிப்பார். மின்கட்டணம், மாமனார் வீட்டுக் கல்யாணம், ஏதாவது. இன்று யோசிக்க ஒன்றும் அகப்படவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணிதான் ஞாபகத்தில் நின்றார். குட்டி விழித்துக்கொண்டு அவர் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. வாய் சூடாக இருந்தது.

வெகுநேரம் நின்றார். மரத்தடியில் தாமரை ஒருமுறை முனகினாள்.

“முடியலம்மா.”

“ஏன்?”

“தெரியல.”

அம்மா எழுந்து வந்தார். குட்டியை வாங்கவில்லை. அதன் நெற்றியில் ஒரு விரலால் தடவினார்.

“நான் முக்கியிருந்தேன்னா?” என்று கேட்டார் அழகர்ராஜா. குரல் உயர்ந்துவிட்டது. “செஞ்சிருப்பேனே! முப்பது வருஷமா செஞ்ச கை இது. நீங்க சும்மா உட்கார்ந்திருந்திருப்பீங்களா?”

“அதான் எனக்கும் தெரியல” என்றார் அம்மா. அவர் உள்ளங்கை வேர்த்திருந்ததை அழகர்ராஜா அப்போதுதான் கவனித்தார்.

குட்டிகள் ஆறும் வீடு திரும்பின.

அக்கா வீட்டுக்குக் கிளம்பி வாசலில் நின்ற மனைவி சீதாலட்சுமி எண்ணிப் பார்த்தாள். பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலம் அவர் கொல்லைப் பக்கம் போனபோது, அவள் ஆறாவது குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முத்தரசி என்று பெயர் வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

“இதெல்லாம் காது கேட்டுத்தான் வளரணுமாக்கும்” என்றாள். “இத்தனை நாளா இந்தப் பாவத்தைப் பார்க்க மாட்டாமத்தான் அந்த ஒருநாள் மட்டும் நான் அக்கா வீட்டுக்குப் போவேன். உங்களுக்குத் தெரியுமா?”

அவருக்குத் தெரியாது. ஏதோ வழக்கமாகப் போகிறாள் என்று நினைத்திருந்தார்.

ஒரு மாதத்தில் அவள் குட்டிக்கு ஒரு பழக்கம் பழக்கியிருந்தாள். குதிகாலால் தரையை இரண்டு முறை மிதித்தால் எங்கிருந்தாலும் முத்தரசி ஓடி வந்தது. ஆனால் மற்ற குட்டிகள் குரைத்து எச்சரிப்பது அதற்குக் கேட்காது. ஒருநாள் கேட் திறந்திருந்தபோது தெருவுக்குப் போய்விட்டது. லாரிக்காரர் நல்லவர், நிறுத்தினார். சீதாலட்சுமி தூக்கி வந்து, கேட்டைக் கயிறு போட்டுக் கட்டினாள். காப்பாற்றியது நல்லதுதானா, இப்படித் தினமும் பயந்து சாவதற்கு அன்றே முக்கியிருக்கலாமா என்று அழகர்ராஜாவுக்கு விளங்கவில்லை.

இதற்கு நடுவே அந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. என் வீட்டில் காது கேட்காத நாய் ஒன்றுகூட இல்லை. இப்போது அந்த வரி சுத்தப் பொய்யாகிவிட்டது. அதை எப்படித் திருத்துவது என்று பார்த்தார். ‘ஒன்று மட்டும்’ என்று எழுதினார். அடித்தார். ‘அண்மையில் ஒன்று’ என்று எழுதினார். அதையும் அடித்தார். கடைசியில் புதுத் தாள் எடுத்து, தட்டு, சாக்கு, தொட்டி எல்லாவற்றையும் எழுதினார். எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை என்றும் எழுதினார். அனுப்பிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஊரில் அவரைப் போல வெள்ளை நாய் வளர்க்கும் கோதண்டராமன் என்பவருக்கு இதை அவரே சொன்னார். கோதண்டராமன் கொதித்துப் போனார்.

“உங்க மனசாட்சியை உங்க வீட்டோட வச்சுக்கக் கூடாதா? இனிமே வெளிநாட்டுக்காரன் எவனாவது நம்ம நாயைத் தொடுவானா? நாளைக்கு இந்த இனமே அத்துப் போச்சுன்னா யாரு பொறுப்பு? நீங்களா, அந்த அம்மாவா?”

கோதண்டராமன் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே அழகர்ராஜாவுக்குப் பட்டது.

கடிதம் அனுப்பிய ஏழாவது வாரம் பின்லாந்திலிருந்து பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் தோப்புக்குப் போனார். அம்மா கீழே விழுந்த மாம்பிஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதியிருக்காங்க?”

அவர் ஆங்கிலத்தைத் தமிழாக்கி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“‘உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள்மேல் அருவருப்பு வந்தது. மூன்றாவது முறை என் நாய்க்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னிடமும் அப்படிப் பிறக்கின்றன. நான் மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டு முடித்துவிடுவேன். அந்த அறை மிகவும் சுத்தமாக இருக்கும். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, இல்லை என்ற பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது. வந்திருந்தால் மறுவாரமே என் ஆண் நாயை அனுப்பியிருப்பேன். அதன்கூடப் பிறந்தவற்றில் இரண்டு காது கேளாதவை.’”

அம்மா பிஞ்சுகளை மடியில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“பார்த்தீங்களாம்மா? பொய் சொன்னா இங்க குட்டிங்க பிழைக்கும்னு நினைச்சேன். அதுவும் தப்பு. அந்த நாய் வந்திருந்தா காது கேட்காதது இன்னும் நாலு கூடப் பிறந்திருக்கும். நான் அவங்களை ஏமாத்தப் பார்த்தேன், அவங்க என்னை ஏமாத்தப் பார்த்தாங்க.”

“இப்போ என்ன செய்யப் போறீங்க?”

“ரெண்டு பேரும் நாயை அனுப்பல. அது முடிஞ்சு போச்சு. பிறந்தது, செத்தது, கேட்டது, கேட்காதது எல்லாத்தையும் எழுதி ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்பலாம்னு சொல்றாங்க. அப்புறம் வேற ரத்தம் சேர்க்கலாமான்னு கேட்கிறாங்க. செவலை நாய்! செவலையைச் சேர்த்தா காது கேட்கும், வெள்ளை போயிரும். பதினோரு தலைமுறை என் கையால போயிரும். சேர்க்காட்டி வெள்ளை நிற்கும், பாதிக் குட்டிக்குக் காது இருக்காது. ஒண்ணும் வேண்டாம்னு விட்டா என்னோட வம்சமே முடிஞ்சது. முத்தரசியைப் பார்த்தா ஒரு நிமிஷம் சந்தோஷமா இருக்கு, மறு நிமிஷம் இதுக்கு முன்னே போனதெல்லாம் வரிசையா வந்து நிக்குது.”

அவர் மூச்சு வாங்கினார். பேசப் பேசக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

“செவலையைச் சேர்க்கட்டுமா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்படியே செய்யறேன்.”

அம்மா ஒரு பிஞ்சை எடுத்துத் துணியில் துடைத்தார்.

“நாலு வருஷமா தெளிவு வேணும்னுதானே உங்ககிட்ட வர்றேன்? நேத்து நாய்க்குச் சோறு வைக்கும்போது எதுக்கு வைக்கிறேன்னு யோசனை வந்து, தட்டைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். என் வாழ்க்கையில நான் இப்படிக் குழம்பினதே இல்லைம்மா.”

செங்கமலத்தம்மா அன்று முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமா. முப்பது வருஷம் தெளிவாத்தானே இருந்தீங்க, ஐயா.”