லிங்கதுரைக்கு வந்த மூன்று பதில்கள்

ஜெசிந்தா இப்போது பாலம் கட்டுகிற கம்பெனியில் இருக்கிறாள். படித்தது சிவில். ஆனால் கல்லூரி என்று யாராவது வாயெடுத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது சிமெண்டுப் புழுதி பறக்கும் சிவில் கூடம் இல்லை. மாடியில், செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டிய அந்தக் கம்ப்யூட்டர் லேப்தான். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம், சைபர் பாதுகாப்பு, மைனர் என்கிற துணைப்பாடம்.

கூடப் படித்த பையன்கள் சும்மா விடுவார்களா? "மைனரம்மா வாராக, வழி விடுங்கடா" என்று கும்பிடு போடுவார்கள். அவளும் போங்கடா என்று படியேறிவிடுவாள். அந்த மைனரால் அவளுக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதும் இல்லை. திரும்ப ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்காதா என்றுதான் ஏங்குவாள்.

காரணம், பர்வீன் மிஸ்.

மிஸ்ஸுக்கு அப்போது இருபத்தாறு வயசு. ஜெசிந்தாவைவிட ஆறு வருஷம் மூப்பு, அவ்வளவுதான். ஆள் ஒல்லி, குரல் கனம். கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. எதையாவது செய்வார்.

முதல் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். "நல்ல பாஸ்வேர்ட் எது மிஸ்?"

மிஸ் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டினார். முன் வரிசைப் பெண் ஓடிப்போய்த் திறந்தாள். மிஸ் உள்ளே வந்தார், திரும்ப வெளியே போனார், தட்டினார். திரும்பவும் திறந்தாள். மூன்றாவது தடவை வகுப்பே சிரித்துவிட்டது.

"வெளிய யாருன்னு ஒருத்தியாவது கேட்டீங்களா?"

"நீங்கதானே மிஸ்!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்றைய பாடம் அதோடு சரி.

மிஸ் வாய்விட்டுச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டர் தானாக எழுதி வைக்கிற பதிவில் கை வைக்கக் கூடாது. நல்லதுக்குத்தானே என்று நினைத்தும் கை வைக்கக் கூடாது.

மூன்றாம் வருஷம் ப்ராஜெக்ட் வந்தது. ஜெசிந்தா எடுத்துக்கொண்டது பொய் மெயில். கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு பொய் மெயில் அனுப்ப வேண்டும். யார் நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிரின்சிபால் அனுமதி கொடுத்தார். அனுமதியோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "ஏமாந்தவங்க லிஸ்ட்ல வர்ற ஆளு பரீட்சைப் பிரிவுல இருந்தா, அங்க வச்சுக்க மாட்டேன். தற்காலிக ஆளா இருந்தா வேலையே கிடையாது. கேள்வித்தாள் இருக்கிற இடம்மா அது."

என்னைக்கு அனுப்புவாள், என்ன எழுதுவாள் என்பது மட்டும் அவருக்கும் தெரியாது. ஜெசிந்தா எழுதினாள் பாருங்கள் ஒரு மெயில்! பேர் லிங்கதுரை. மெக்கானிக்கல் கடைசி வருஷம். நாளைக்குப் பரீட்சை, வருகை குறைவு என்று ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததால்தான் வர முடியவில்லை. கீழே இருக்கிற பக்கத்துக்குள் பாஸ்வேர்ட் போட்டுப் போய் என் பேரைப் பார்த்துத் தயவுசெய்து விடுவிக்கவும். படித்துப் பார்த்தால் அவளுக்கே கண் கலங்கியது. கை தேர்ந்துவிட்டது என்று பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை லேப்புக்குள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ், முடிஞ்சிட்டு. நாப்பத்தோரு பேர் பாஸ். ஒரே ஒரு ஏமாளிதான்."

"யாரு அது?"

"பரீட்சைப் பிரிவுல சொர்ணம்னு ஒரு அக்கா. டெம்ப்ரவரியாம். பாஸ்வேர்டை அப்படியே தூக்கிக் குடுத்துட்டாக."

சொர்ணம் அக்காவை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வளையல் போட்ட ஒரு கை, அவ்வளவுதான் தெரியும்.

"பதில் ஏதும் வந்துச்சா?" என்றார் மிஸ்.

"யாருக்கு மிஸ்?"

"லிங்கதுரைக்கு."

"அப்படி ஒரு ஆளே இல்லையே மிஸ். அவனுக்கு வர்ற மெயிலை யாரு படிப்பா?"

"ஆளு இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதுல்லா. திற."

திறந்தாள். பதில் வந்து விழுகிற அந்தப் பெட்டியை, எண்ணிக்கைக்கு உதவாது என்று அந்த வகுப்பில் அதுவரை ஒருத்தரும் திறந்ததே இல்லை. மூன்று மெயில் இருந்தது. மூன்றும் சொர்ணம் அக்கா போட்டது. மற்ற நாற்பத்தோரு பேரில் ஒருத்தரும் ஒரு வரி போடவில்லை.

முதலாவது, செவ்வாய் மதியம். "தம்பி, நீ அனுப்புன பக்கத்துல போய்ப் பாத்தேன். உன் பேரு வரலப்பா. ரெஜிஸ்டர் நம்பர் அனுப்பு."

இரண்டாவது, அன்று சாயந்தரம். "எல்லா லிஸ்டையும் பொரட்டிட்டேன். அரியர் பிள்ளைங்க லிஸ்ட்லயும் பாத்துட்டேன். பயப்படாத. எங்க பிரிவு பெரிய சார்ட்ட பேசிருக்கேன், நேர்ல வந்தா பாத்துக்கலாம்னுட்டாரு. காலைல எட்டரைக்கே வந்துரு. நானும் சீக்கிரம் வந்துருதேன்."

மூன்றாவது, புதன்கிழமை. "எட்டரையிலருந்து கேட்டுல நின்னேன். பத்து வரைக்கும் உன்னைக் காணல. பரீட்சை எழுதிட்டியா தம்பி? அப்பாவுக்கு எப்படி இருக்கு? ஒரு வரி போடு."

மிஸ் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தார்.

"வா. லிங்கதுரை யாருன்னு அந்த அக்காட்ட சொல்லிட்டு வருவோம்."

"மிஸ், எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான். வா."

பரீட்சைப் பிரிவில் சொர்ணம் அக்கா விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். லிங்கதுரை என்று ஜெசிந்தா ஆரம்பித்ததுதான் தாமதம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வந்துட்டானா? எங்கட்டி நிக்கான்? நீ அவன் தங்கச்சியா?"

"இல்லக்கா. அப்படி யாருமே இல்ல. நாந்தான் எழுதினேன். ப்ராஜெக்ட்டுக்காக. யாரு நம்புதாங்கன்னு பாக்க."

சொர்ணம் அக்கா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில யாரும் இல்லையா?"

"இல்லக்கா."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தாள். "மூணு நாளா மனசே சரியில்லட்டி எனக்கு."

நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை. ஜெசிந்தா அங்கேயே நின்று விசும்பி விசும்பி அழுதாள். அக்கா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். வேலைக்கு ஆபத்து என்ற விஷயத்தை மிஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவின் கை பாட்டிலோடு அப்படியே நின்றது. "பிள்ளை ப்ளஸ் டூ படிக்கான் மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

"முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்கக்கா. இப்பவே. இனிமே எந்த லிங்க்லயும் போடாதீங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க," என்றார் மிஸ்.

அக்கா தட்டித் தட்டி மாற்றினாள். அதுவரை மிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஜெசிந்தாவையும் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்.

நாலு மணிக்குப் பிரின்சிபால் ரிப்போர்ட்டைக் கேட்டிருந்தார். லேப்புக்குத் திரும்பியதும் ஜெசிந்தா கெஞ்சினாள்.

"மிஸ், பேரை எடுத்திருதேன். ஒரே ஒரு வரி. யாருக்கும் தெரியாது."

மிஸ் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். "எடு."

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இறங்கவே இல்லை.

"முடியல மிஸ்."

"அப்ப எல்லாத்தையும் பிரிண்ட் எடு."

"எல்லாத்தையும்னா?"

"யாரு எப்ப திறந்தா, எப்ப மூடினா, லிங்கதுரைக்கு என்ன வந்துச்சு. பதிவுல உள்ளது ஒண்ணு விடாம."

பிரின்சிபால் நல்ல மூடில் இருந்தார். "சிவில் பொண்ணா? பரவாயில்லையே!" என்றார். ஒரே ஒரு பேர் என்றதும் வேலை சுலபம் என்று பேனாவைத் திறந்தார். வேலையிலிருந்து நிறுத்தும் ஆர்டர், பேருக்கு மட்டும் இடம் விட்டு டைப் ஆகி மேஜைமேல் தயாராக இருந்தது.

"பின்னால இன்னும் நாலு தாள் இருக்கு சார்," என்றார் மிஸ்.

அவர் புரட்டினார். முதல் பதிலை வேகமாகப் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் நாற்பத்திரண்டு பேர் பட்டியலில் விரலை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அது அவருடைய பேர். திறந்தது 11.12. மூடியது 11.12.



"பொய்யுன்னு கண்டுபிடிச்செல்லாம் நான் மூடலம்மா," என்றார் கடைசியில். "படிச்சேன். யாராவது பாத்துக்குவாங்கன்னு…"

முடிக்காமல் பேனாவை மூடினார். ஆர்டரை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அந்தம்மா அங்கேயே இருக்கட்டும். நல்லா சொல்லிக் குடுங்க. ரிப்போர்ட்ல கடைசிப் பக்கம் காலியா இருக்கே? ஓட்டையை அடைக்க என்ன வழின்னு எழுதித் திங்கக்கிழமை குடு."

வெளியே வந்தார்கள். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அந்த வராந்தாவின் சாயங்கால வெயில், காண்டீனிலிருந்து வரும் பப்ஸ் வாசனை, முன்னால் நடக்கும் மிஸ்ஸின் ரப்பர் செருப்புச் சத்தம், எல்லாம் ஜெசிந்தாவுக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

அக்கா வேலை தப்பியது. ஆனாலும் கடைசிப் பக்கம் இருக்கிறதே! அதை எழுதினால்தான் மார்க்.

"மிஸ், அக்கா செஞ்சது தப்புதானே?"

"தப்புதான். பாஸ்வேர்ட் போச்சுல்லா."

"அப்ப அந்த ஓட்டையை எப்படி மிஸ் அடைக்க? என்ன எழுதட்டும்?"

மிஸ் நடையை நிறுத்தவில்லை.

"நாப்பத்தோரு பேரு அடைச்சுத்தானே வச்சிருக்காங்க? எப்படி அடைச்சீங்கன்னு அவங்ககிட்டக் கேட்டு எழுது."